பின்சாரின் அப்பா

பாலிகே,
6 மே 1994

மச்சான் தும்பாலுக்கு,

ஹோராஸ், வணக்கம். மேடானில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே ஏரிக்காற்று இன்னும் குறையவில்லை. உங்கள் அக்கா லம்ரியாவுக்கு அடிக்கடி தலைவலி. மற்றபடி இருக்கிறோம்.

இரண்டு வருடம் எழுதாதவன் எழுதுகிறானே, உங்கள் அப்பாவின் அடக்கத்தன்று நடந்ததை மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று எண்ண வேண்டாம். நான் சரித்திர ஆசிரியன். எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. என் வகுப்பில் நாற்பது மதிப்பெண் தாண்டாத பையனை, அவன் அக்காவைக் கட்டியதற்காக ஆயுள் முழுக்க நான் வணங்க வேண்டும் என்பது நம் முறை. பெண் கொடுத்த வீட்டார் கடவுளுக்கு அடுத்தபடி. முறையை நான் மீறியதில்லை. ‘நீங்கள்’ என்று எழுதுவதும் அதனால்தான்.

நிற்க. விஷயம் என்னுடையதல்ல. எங்கள் பள்ளியில் யோங்கி என்று ஒரு உடற்பயிற்சி ஆசிரியர். கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. மனிதர் பத்திரிகைகளையும் ரேடியோவையும் நம்பிக் குழம்பிக் கிடக்கிறார். இத்துடன் மூன்று துணுக்குகள் வைத்திருக்கிறேன். ஒரு பெண்கள் பத்திரிகையின் டாக்டர், ஆணுக்குக் குறை இருந்தால் எந்த நாட்டிலும் மருந்து கிடையாது என்கிறார். இன்னொரு பத்திரிகை, தேனீக் கூட்டோடு புழுவையும் சேர்த்துத் தின்றால் மூன்றே மாதம் என்கிறது. மூன்றாவது, இறுக்கமான காற்சட்டைதான் காரணம் என்கிறது. மூன்று சான்றுகள் மூன்று விதமாகப் பேசினால் மூன்றையும் நம்பாதே என்று வகுப்பில் சொல்பவன் நான். ஆனால் நான்காவது சான்றுக்கு இந்த ஊரில் எங்கே போவது?

நீங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்கிறீர்கள். கேள்வி ஒன்றுதான். ஓர் ஆணின் உயிரணுக்கள் ‘அனைத்தும் இறந்தவை’ என்று அறிக்கை வந்தால், அது தவறாக இருக்க வழி உண்டா?

பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் அக்கா கண்ணில் பட்டால் தன்னைப் பற்றித்தான் என்று வருத்தப்படுவாள். தொலைபேசி வேண்டாம். தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவள் என் பழைய மாணவியின் தாய்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.
மாருலி

•

மேடான்,
17 மே 1994

மச்சானுக்கு,

ஹோராஸ், ஹோராஸ். உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்தது. பரீட்சைத் தாள் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

அப்பாவின் அடக்கத்தன்று நான் பேசியது தப்புதான். கள் பேசியது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

உங்கள் யோங்கிக்குப் பதில்: தவறாக இருக்கலாம். ஒரே ஓர் அறிக்கையை வைத்து நாங்கள் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. சில வாரம் விட்டு இரண்டாம் முறை பார்க்க வேண்டும். இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை விலகி இருந்துவிட்டுக் கொடுத்தாரா, எவ்வளவு நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்தது, எந்தப் பாத்திரத்தில் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். தேனீப் புழுவை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம். சித்தி வந்தபோது, அக்கா இன்னும் அந்தக் கருமுட்டை வளர்க்கும் மாத்திரையைச் சாப்பிடுகிறாள் என்றாள். மூன்று வருடமாகவா? அது ஆறு மாதத்துக்கு மேல் டாக்டர் பார்வையில்லாமல் சாப்பிடும் மாத்திரை இல்லை. தலைவலி அதனால்தான் இருக்கும். கண் மங்குகிறதா என்று கேளுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.
தும்பால்

•

பாலிகே,
28 மே 1994

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னவனின் ஈறில் கிராம்பு எண்ணெய் தடவ வேண்டாம் என்று லம்ரியா சொல்கிறாள். (உங்களை ஊர்க்காரர் ஒருவர் பார்த்ததாகச் சொல்லிவைத்தேன்.)

கள் பேசியது என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நன்றி. பெண் எடுத்தவன் என்ற முறையில் அன்று நான் பன்றி அறுக்கும் இடத்துக்குத் தண்ணீர் சுமந்தேன். அது என் கடமை, அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இருநூறு பேர் நடுவே நீங்கள் கூப்பிட்டீர்கள்: “டேய், ‘காத்திரு’வோட அப்பா எங்கடா? இன்னும் ஒரு குடம் கொண்டாரச் சொல்லு!” பிள்ளை பிறக்காதவனை நம் ஊர் அப்படிக் கேலி செய்வது எனக்குத் தெரியாததல்ல. என் தம்பியை மூத்த பிள்ளையின் பெயரால் தோகாரின் அப்பா என்கிறார்கள். என் மாணவர்களே யார் யாருடையவோ அப்பாக்கள் ஆகிவிட்டார்கள். நாற்பத்து நாலு வயதில் சொந்தப் பெயரால் கூப்பிடப்படுபவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். இருநூறு பேர் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா தலை நிமிரவில்லை.

நிற்க. யோங்கியிடம் கேட்டேன். நான்கு வருடத்துக்கு முன் செய்த சோதனை. மேடானுக்கு வந்து கொடுக்க அவருக்குக் கூச்சம். ஒரு தனியார் ஆய்வகத்தின் விளம்பரத்தைப் பார்த்துப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். பாலிகேயில் கொடுத்தால் பஸ் ஏஜென்ட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பக்கத்து ஊரான பொர்சேயா வரை போய் அங்கே கொடுத்தார். வழியில் கெட்டுவிடக் கூடாதல்லவா? மீன் சந்தையில் பனிக்கட்டி வாங்கி ஜாடியைச் சுற்றி நன்றாக அடைத்தார். மீன்காரி, “ஐஸு மட்டும் வாங்குறீங்களே சார், மீனு எங்க?” என்று கேட்டாளாம். “வீட்டுல இருக்கு” என்றாராம்.

ஜாம் ஜாடி. நன்றாகக் கழுவியது. மேடானுக்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

லம்ரியாவின் மாத்திரை பற்றி: முதலில் சியந்தார் ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்தது. பிறகு பத்திரிகையில் விடாமல் சாப்பிட்டுப் பலன் கண்ட ஒருத்தியின் கடிதம் வந்தது. மருந்துக் கடையில் கேட்டாலே கொடுக்கிறார்கள். கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள்.

மாருலி

•

மேடான்,
8 ஜூன் 1994

மச்சானுக்கு,

உங்கள் நலமும் அக்காவின் நலமும் இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணில் பூச்சி பறப்பது விளையாட்டல்ல.

யோங்கியின் கதையைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். மன்னிக்க வேண்டும். மீன்காரி கேட்டது வரைக்கும் உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்றால் நெருங்கிய நண்பர்தான். பனிக்கட்டியில் வைத்தால் மீன் கெடாது மச்சான், இது செத்துப்போகும். உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஐந்து மணி நேரம் ஐஸில் கிடந்ததில் எல்லாம் இறந்துதான் கிடக்கும். அது உங்கள் யோங்கியைப் பற்றிய அறிக்கை இல்லை. அந்த ஐஸைப் பற்றிய அறிக்கை. அவர் தன்னை நான்கு வருடமாக வீணாகக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறார். வந்து ஒழுங்காக மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள்.

அறிக்கையின் நகலை அனுப்புங்கள். பஸ்ஸில் வந்ததை வாங்கிப் பார்த்துக் கையெழுத்தும் போட்ட அந்த மேதாவி யார் என்று தெரிந்தால் எங்களுக்குக் கொஞ்ச நாளைக்குச் சிரிக்க ஆகும்.

தும்பால்

•

பாலிகே,
18 ஜூன் 1994

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் இன்னொரு முறை படித்தேன். யோங்கி மிகவும் ஆறுதலடைந்தார். கோபமும் அடைந்தார். ஒரு மனிதனை நான்கு வருடம் செத்தவன் என்று நினைக்க வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் அனுப்பினால் செத்துப்போகும் என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டால் என்ன?

நகல் இத்துடன் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கூச்சத்தில் வேறு பெயர் கொடுத்திருக்கிறார்.

லம்ரியாவுக்கு அறுவை என்று சியந்தார் டாக்டர் முடிவு செய்துவிட்டார். வயிற்றைத் திறந்து குழாய்களைப் பார்க்க வேண்டுமாம். செப்டம்பர் 14. கணவருக்குக் குறையில்லை என்றால் இனி இதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். அவள் “சரிங்க டாக்டர்” என்றாள். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்றாள். சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. என் அம்மா கொடுக்கும் வேர்க் கஷாயத்தையும் குடிக்கிறாள். அம்மா தினமும் காலையில் பக்கத்தில் நின்று, “மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடி. மண்ணு நல்லா இருந்தா வெத ஏன் மொளைக்காம போகுது?” என்கிறாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன்.

மாருலி

•

பாலிகே,
25 ஜூலை 1994

மச்சானுக்கு,

சுகம்தானே? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால் தவறியிருக்கலாம். நகல் கிடைத்ததா? யோங்கி எந்த ஆய்வகத்துக்கு வரலாம் என்று கேட்கிறார். சின்னவனுக்குப் பல் வந்துவிட்டதா?

மாருலி

•

பாலிகே,
22 ஆகஸ்ட் 1994

மச்சானுக்கு,

நலம் விசாரித்து எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் அது தபாலின் குற்றமல்ல. நான் இறங்கி வந்து எழுதியது உங்களுக்கு வேடிக்கையாகிவிட்டது போலும். யோங்கியின் கதையைக் கள்ளுக்கடையில் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டீர்களா? பெண் கொடுத்த வீட்டார் என்பது வணங்கப்படுவதற்கு மட்டுமல்ல, பதில் சொல்வதற்கும்தான்.

லம்ரியாவும் கேட்கிறாள்: “தம்பி எனக்கும் எழுதக் காணோமே, நான் என்ன தப்பு பண்ணேன்?” ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் புதுச் சேலை ஒன்று வாங்கி மடித்து வைத்திருக்கிறாள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மாருலி

•

மேடான்,
29 ஆகஸ்ட் 1994

மச்சானுக்கு,

வணக்கம் சொல்லித் தொடங்கும் தகுதி எனக்கு இல்லை. ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் அனுப்பிய நகலின் கீழ் மூலையில் கிறுக்கலாக இரண்டு எழுத்து இருக்கிறது. அது என் கையெழுத்து.

1990-ல் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் மாலையில் அந்தத் தனியார் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டு வாடகைக்காக. உங்களுக்குத் தெரியாது. அப்போதே நீங்கள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. நான்கு வருடத்தில் எத்தனையோ பாத்திரங்கள் வந்தன. ஐஸ், ஜாம் ஜாடி என்று நீங்கள் எழுதியபோது எனக்கு நினைவு வரவில்லை. பெயரைப் பார்த்ததும் வந்தது. ‘பின்சாரின் அப்பா.’

நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருத்தன் சீட்டைப் படித்தான். “பின்சாரோட அப்பனாம்டா! பின்சாருதான் ஏற்கெனவே வந்துட்டானே, இன்னும் எதுக்கு டெஸ்ட்டு?” இன்னொருத்தன், “அந்தப் பின்சாரு யாரு ஜாடையில இருக்கானோ என்னவோ” என்றான். சிரித்தோம். நானும் சிரித்தேன். ஜாடியைச் சுற்றி ஐஸ் உருகித் தண்ணீராக நின்றது. விதிப்படி ‘சோதனைக்குத் தகுதியற்றது’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் நிரப்பி, மாடியில் டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூடும் நேரம். கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ‘அனைத்தும் இறந்தவை’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பெண் கொடுத்தவன் வாயிலிருந்து வருவது பலிக்கும் என்பார்கள் நம் ஆட்கள். மீனைச் சமைத்துத் தட்டில் வைத்து, பிள்ளைகுட்டியோடு இருங்கள் என்று உங்களுக்கு ஆசி சொல்ல வேண்டியவன் நான். நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது அந்த இரண்டு சொல்.

‘உங்களுக்கு’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப்போவதில்லை. பாலிகே உயர்நிலைப் பள்ளியில் யோங்கி என்று ஒருவர் இருக்கிறாரா என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் மாட்டேன். ஆனால் சியந்தார் டாக்டரின் காகிதத்தில் ‘கணவருக்குக் குறையில்லை’ என்று எப்படி வந்தது? செப்டம்பர் 14-க்கு முன் என் அக்காவிடம் யாராவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் பஸ் ஏறுவேன்.

தும்பால்

•

பாலிகே,
3 செப்டம்பர் 1994

தும்பால்,

இந்த ஒரு கடிதத்தில் முறையை விட்டுவிடுகிறேன்.

என்னை அடிக்க உனக்கு இருநூறு பேரும் ஒரு குடம் தண்ணீரும் போதவில்லை. அதற்கு முன்பே, முகம் தெரியாமலே, அடித்து முடித்திருக்கிறாய். உன் ஆஸ்பத்திரி வேண்டாம், நீ இருக்கும் இடமே வேண்டாம் என்றுதான் அந்தத் தனியார் ஆய்வகத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த ஜாடி உன் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு படிவம்! ஒரு மாடி ஏற உனக்கு வலித்தது. உன் அக்கா மூன்று வருடம் மாத்திரை விழுங்கினாள்.

இதுவரை எழுதியதை நேற்று எழுதினேன். உன்னைத் திட்ட இன்னும் நான்கு பக்கம் வைத்திருந்தேன். திருத்துவதற்காகப் படித்தபோது, மாத்திரை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதை அவளுக்குக் கொடுத்தது நீ இல்லை.

யோங்கிக்கு நான்கு பிள்ளைகள்.

அறிக்கை வந்தபோது அதைக் காட்டாமல் இருந்தேன், அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்த வருடம் சியந்தாரில் டாக்டர், “சார் டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று கேட்டார். லம்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “மேடான்ல எடுத்தேன் டாக்டர். எல்லாம் நல்லா இருக்கு” என்றேன். காகிதத்தைக் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்ல வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நான் வாத்தியார், முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். எழுதிக்கொண்டார். லம்ரியா தலை குனிந்தாள். தன்னிடம்தான் குறை என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தீர்ப்பாகிவிட்டது. நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன் தும்பால். ஆறுதலாக.

பத்திரிகைகளை ஏன் வெட்டிச் சேர்த்தேன் என்று இப்போது தெரிகிறது. என்னைப் பற்றிய ஒரு வரி கூட இல்லாத பதிலைத் தேடினேன்.

இன்னொன்று. பின்சார் என்பது வாய்க்கு வந்த பெயரில்லை. கல்யாணமான வருடம் அவளும் நானும் படகில் தீவுக்குப் போய்த் திரும்பும்போது, முதல் பிள்ளைக்கு என்று வைத்துக்கொண்ட பெயர். யாருக்கும் சொன்னதில்லை. பொர்சேயாவில் ஏஜென்ட் பேனாவை வைத்துக்கொண்டு, “யாரு அனுப்புறதுன்னு போடட்டும் சார்?” என்றான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். மாருலி என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் வந்தது.

பஸ் ஏறாதே. நானே சொல்கிறேன்.

மாருலி

•

பாலிகே,
12 செப்டம்பர் 1994

மச்சானுக்கு,

லம்ரியா சனிக்கிழமையே உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள். கேட்டு எழுத எனக்கு உரிமையில்லை. அவள் கண் எப்படி இருக்கிறது?

வெள்ளி வரை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. சனி காலை அவள் ஆஸ்பத்திரிப் பையில் துண்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆபரேஷன் வேணாம் லம்ரியா.”

“என்ன, பயமா? வெட்டப்போறது என்னைய. நீங்க ஏன் வெளுத்துப்போயிருக்கீங்க?”

சொன்னேன். ஐஸ் வரை, சியந்தார் வரை. அவள் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

“நாலு வருஷமா?”

“ம்.”

“டாக்டரு கேட்டப்ப நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?”

“ம்.”

“வகுப்புல மணிக்கணக்கா பேசுறவருக்கு இப்ப ‘ம்’தான் வருதா?”

பிறகு, உங்களைப் பற்றியும் சொன்னேன். உங்கள் மேல் பழி போடத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“தும்பாலுக்கு நீங்கதான்னு தெரியாதுல்ல? பேரு பாத்தா தெரிஞ்சிருக்குமே. யாரு பேரு குடுத்தீங்க?”

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்தாள்.

“அந்தப் பேரையா? ஜாடி மேலயா?” என்றாள். பிறகு, “எத்தனை பேரு அதப் படிச்சாங்க?”

“நாலு பேரு.”

“சிரிச்சாங்களா?”

இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பழகிய வாய். “சிரிச்சாங்க” என்றேன்.

பை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஏறும்போது சொன்னாள்: “உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, மருமக பழிய புருஷன் மேல தள்ளுறான்னு தெருவெல்லாம் பேசும்.”

சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. “நம்ம வம்சத்துல அப்படி எவன்டா இருக்கான்? அவ சொல்லிக் குடுத்தாளா?” என்றாள். அறிக்கையைப் படித்துக் காட்டினேன். அது தவறான அறிக்கை என்றும், இன்னும் ஒன்றும் தெரியாது என்றும், தெரியாமலே நான்கு வருடம் அவளைக் குறை சொல்லவிட்டேன் என்றும் சொன்னேன். அம்மா எழுந்து போய்க் கஷாயப் பானையைத் தூக்கிக்கொண்டு பன்றித் தொழுவத்துக்குப் பின்னால் போய்க் கவிழ்த்தாள். திரும்பி வந்து, “யாருகிட்டயும் சொல்லாத” என்றாள். “எத்தனை நாளு மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சா அந்தப் புள்ள” என்றாள். 

சியந்தார் டாக்டரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அறுவையை நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்.

என்றைக்கு, எங்கே வர வேண்டும் என்று எழுதுங்கள். வந்தே கொடுக்கிறேன்.

மாருலி

•

மேடான்,
20 செப்டம்பர் 1994

மச்சானுக்கு,

அக்கா இருக்கிறாள். மாத்திரையை நிறுத்தியாயிற்று, பூச்சி குறைந்திருக்கிறது. முதல் இரண்டு நாள் என்னிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், “நீ சிரிச்சியாமே” என்றாள். நான் காலில் விழப் போனேன். “எந்திரி, ரெண்டு பேரும் ஒரே ரகம்” என்றாள். அதற்குப் பிறகு என் வீட்டுச் சமையலறையை அவள்தான் ஆளுகிறாள்.

29-ம் தேதி வியாழன் காலை எட்டு மணிக்கு வாருங்கள். முதல் நாளே வந்து தங்குங்கள். மூன்று நாள் விலகி இருக்கும் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்திலேயே அறை இருக்கிறது. நான் அந்தத் தாளைத் தொட மாட்டேன், பார்ப்பவர் வேறு ஒருவர். படிவத்தை மட்டும் நீங்களே நிரப்ப வேண்டும். பெயர், வயது, மனைவி பெயர்.

அக்கா உங்களைப் பார்ப்பாளா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

தும்பால்

•

மேடான்,
11 அக்டோபர் 1994

உங்களுக்கு,

இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். அத்தை எடுத்துப் பிரித்தாலும் பரவாயில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். அத்தையின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

அன்று ஆய்வக வாசலில் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றீர்கள். நான் பேசவில்லை. பேசினால் அழுவேன் என்பதால் அல்ல, கத்துவேன் என்பதால். கூட்டமாக இருந்தது.

முடிவு வந்துவிட்டது. தும்பால் உறையைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தான். நானே டாக்டரம்மாவிடம் எடுத்துப்போனேன். எண்ணிக்கை குறைவு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு அசைகிறது. இறந்தவை என்று எழுதவில்லை. ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். எனக்கு மூன்று மாதம் எந்த மாத்திரையும் கூடாது. பிறகு, வயிற்றைக் கிழிக்காமலே, மருந்து செலுத்திப் படம் எடுத்துக் குழாயைப் பார்க்கலாமாம். நடக்குமா என்று கேட்டேன். “நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். சுலபம்னும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு” என்றார். புரியாததை இரண்டாம் முறை கேட்டேன். இரண்டாம் முறையும் சொன்னார். நாம் இத்தனை வருடம் பத்திரிகையைக் கேட்டோம், ரேடியோவைக் கேட்டோம், எண்ணெய் விற்பவனைக் கேட்டோம். நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

தும்பால் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி, மஞ்சளும் மிளகும் போட்டு முறைப்படி முழுசாகச் சமைத்தான். பிறகு, மச்சான் இல்லாமல் ஆசி சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தான். அதனால் அதை வெறும் குழம்பு மீனாகச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு நீங்கள் இங்கே வரலாம் என்று தும்பாலின் மனைவி சொல்கிறாள். நான் சொல்லவில்லை. வந்தால் என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எடுத்துவாருங்கள். அலமாரியில் இருக்கும் மாத்திரைகளைக் கொட்டிவிடுங்கள். வெட்டிவைத்த பத்திரிகைத் துண்டுகளையும்.

படிவத்தைப் பார்த்தேன். உங்கள் பெயரையும் என் பெயரையும் கோணாமல் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பெயர் இனி வேண்டாம். நான்கு பேர் சிரித்த பெயரை என்னால் கூப்பிட முடியாது. வேறு ஒன்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

லம்ரியா